அண்ணாச்சியின் தகரத் தவளை

அண்ணாச்சி எழுதிய கட்டுரையில் எனக்குப் பிடித்தது அந்தத் தவளை மட்டும்தான்.

நவம்பர் மாத சபை இதழில் ‘கை நிறையக் கொடுங்கள்’ என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வாசிக்காதவர்களுக்கு விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்க வேண்டாம், ஒன்றோ இரண்டோ யோசித்து வாங்கினால் போதும் என்று செப்டம்பரில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் நான் பேசினேன். பேசியது பத்து நிமிஷம். அது எப்படியோ அண்ணாச்சி காதுக்குப் போய், இரண்டு மாதம் ஊறி, நான்கு பக்கமாக வந்திருக்கிறது. பெயர் போடவில்லை. ‘ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் ஒரு சகோதரி’ என்று எழுதிவிட்டு, அந்தச் சகோதரிக்குக் கஞ்சத்தனம், மேல்நாட்டு மோகம், பிள்ளைகளின் மனசு தெரியாமை என்று மூன்று வியாதிகளையும் கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் சபையில் அந்தச் சகோதரி யாரென்று தெரியாதவர்கள் கிடையாது. ஆகையால் நானே கையைத் தூக்கிவிடுகிறேன்.

அண்ணாச்சி என் மூத்த அண்ணனோடு படித்தவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் எதிரே வந்தால் ஸ்கூட்டியை ஓரங்கட்டி நலம் விசாரிக்காமல் நான் போனதில்லை, இனியும் போகமாட்டேன். ஆனால் அச்சில் அடித்ததற்கு அச்சில்தான் பதில்.

முதலில் தவளை. 1964 கிறிஸ்துமஸ். வீட்டில் ஆறு பிள்ளைகள், அப்பாவுக்கு மில் சம்பளம். தூத்துக்குடியிலிருந்து வந்த மாமா நாலணாவுக்கு ஒரு தகரத் தவளை வாங்கி வந்து இவர் கையில் கொடுக்கிறார். வயிற்றுப் பக்கத்துத் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு ‘டக்கு’, விட்டால் இன்னொரு ‘டக்கு’. முதுகு பச்சை. வாய் சிவப்பு. இடது கண்ணில் மட்டும் பெயிண்ட் கொஞ்சம் வழிந்திருக்கும். விடியற்கால ஆராதனையில் பிரசங்கத்தின் நடுவே கால்சட்டைப் பைக்குள் அது டக்கென்று சத்தம் போட, குருவானவர் பேச்சை நிறுத்திப் பார்க்கிறார். அன்றைக்குப் பூவரசங் கம்பால் விழுந்த அடி எத்தனை என்றுகூட எண்ணிக்கை சொல்கிறார். தவளை இன்றும் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், வங்கியில் கொடுத்த கேடயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். நான்கு பக்கக் கட்டுரையில் தவளைக்கு மட்டும் ஒன்றேகால் பக்கம். சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல எழுத்து. இரண்டு தடவை வாசித்தேன்.

அதை எழுதி முடித்த கையோடு அண்ணாச்சி வந்து சேரும் முடிவைப் பாருங்கள். நமக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அந்தக் குறை நம் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம், ஆகவே குவியுங்கள்.

குறையா? அறுபது வருஷம் கழித்து ஒரு தகரத் துண்டின் இடது கண்ணில் பெயிண்ட் வழிந்திருந்ததைச் சொல்ல முடிகிற மனுஷருக்கு எதில் குறை வந்தது? அதே கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், போன கிறிஸ்துமஸுக்குப் பேரன் பேத்தி இருவருக்கும் சேர்த்து 23 பரிசுகள் கொடுத்ததாகப் பெருமையோடு எழுதியிருக்கிறார். அந்த 23-க்கும் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி. ‘கார், பொம்மை, விளையாட்டுச் சாமான்கள் முதலியன.’ முதலியன! ஒன்றுக்காவது நிறம் உண்டா? சத்தம் உண்டா? கொடுத்தது போன வருஷம், கொடுத்தவர் அவர், எழுதியவரும் அவரே. ஆயுள் முழுக்கப் பேரேட்டோடு குடித்தனம் நடத்தியவர், தன் கட்டுரையில் வரவு எது செலவு எது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வறுமையை நான் கொண்டாடவில்லை. அந்தப் பழியை என் தலையில் போடத்தான் அண்ணாச்சி பாதிக் கட்டுரையைச் செலவழித்திருக்கிறார். தவளை வந்த அதே கிறிஸ்துமஸில் தன் தங்கைக்கு ஒன்றும் வரவில்லை என்று அவரே ஓரிடத்தில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்கு ஓடிவிடுகிறார். எனக்கு அங்கேதான் நிற்கத் தோன்றியது. அது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்கு மருந்து, தங்கைக்கும் ஒன்று என்பது. பேரனுக்குப் பன்னிரண்டு என்பது எந்த வைத்தியத்திலும் இல்லை.

இனி வேத ஆதாரம். சாஸ்திரிகள் பரிசு கொண்டுவந்தார்கள், பரிசுத்த நிக்கொலாஸ் அள்ளிக் கொடுத்தார், நாமும் அள்ளிக் கொடுப்போம் என்கிறார். ஞாயிறு பள்ளிக்காரியிடம் இந்தக் கதை வேண்டாம் அண்ணாச்சி. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் வந்தவர்கள் எத்தனை பேர் என்றே எழுதியில்லை. கொண்டுவந்தவைதான் மூன்று: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். மூன்றுக்கும் பொருள் வைத்துத்தான் சபை இத்தனை நூற்றாண்டுகளாக வாசிக்கிறது. ராஜாவுக்குப் பொன், தெய்வத்துக்குத் தூபம், சாவுக்குப் போளம். இன்னாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பிள்ளை இருந்த வீட்டுக்குள் போய் 23 டப்பாவை இறக்கவில்லை.

நிக்கொலாஸ் கதை இன்னும் மோசமாக அவர் காலையே வாரிவிடுகிறது. நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்து ஆயர். அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலபுருஷர். அவரைப் பற்றிய பேர்போன கதை என்ன? நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்மக்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. பெண்கள் சீரழிந்துவிடும் நிலைமை. நிக்கொலாஸ் ராத்திரியில் வந்து, ஒரு பெண்ணுக்கு ஒரு பொன்முடிப்பு என்று ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுப் போகிறார். மூன்று பெண்கள், மூன்று முடிப்பு, மூன்று முறை. கடைசி ராத்திரியில் தகப்பன் காத்திருந்து பிடித்துவிட, யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்கிறார். யாருக்கு எது முடை என்று தெரிந்துகொண்டு, ஆளுக்கு ஒன்று, அதுவும் முகம் காட்டாமல். இதைத்தானே செப்டம்பரில் நான் சொன்னேன்? அண்ணாச்சி வீட்டில் ஒவ்வொரு டப்பாவிலும் ‘அன்புடன் தாத்தா’ சீட்டு ஒட்டி, பிரிக்கப் பிரிக்க வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள். நானும் பார்த்தேன். கடைசியில் பிள்ளை கொட்டாவி விட்டது. அதையும் வெட்டாமல் போட்டிருந்தார்கள்.

‘பரிசைக் குறை என்பது வெள்ளைக்காரன் கிளப்பிவிட்ட புது மோஸ்தர்’ என்கிறார் அடுத்தபடியாக. இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை. ஆசைப்பட்டது ஒன்று, தேவையானது ஒன்று, உடுத்த ஒன்று, வாசிக்க ஒன்று என்று நான்கு பரிசு விதி ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்து சுற்றுகிறது. அதையும் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு, நான்கை எண்ணி வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதில் மயக்கம் இல்லை. ஆனால் குவியல் எந்த ஊர்ச் சரக்கு, அண்ணாச்சி? அது என்ன, தாமிரபரணிக் கரையில் விளைந்ததா?

நம் பண்டிகையில் என்னென்ன இருந்தன என்று உங்களுக்கே தெரியும். தையற்காரர் 24-ந்தேதி ராத்திரி வரை இழுத்தடித்துக் கொடுக்கும் புதுத்துணி. மூங்கில் சிம்பில் பட்டத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு தொங்கவிட்ட நட்சத்திரம். தொண்டை கட்டும்வரை வீடு வீடாகக் கீத பவனி. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வைத்து மூடிய தட்டு பக்கத்து வீடுகளுக்குப் போவது; காலியாகத் திருப்பித் தரக்கூடாதென்று அந்தத் தட்டில் அவர்கள் சீனி போட்டுத் தருவது. முதலூர்ப் பக்கமிருந்து யாராவது வந்தால் மஸ்கோத் அல்வா. கோயில் முடிந்து வந்து வெடி. பிள்ளைக்கென்று தனிப் பரிசு அந்தப் பட்டியலில் எங்கே? மாமா தவளை கொண்டுவந்தது அறுபது வருஷமாக மறக்காமல் இருப்பதற்குக் காரணமே அது வழக்கத்தில் இல்லாத அதிசயம் என்பதுதான்.

வெள்ளைக்காரர்களிடமும் அது ஆதிகாலத்துச் சங்கதி இல்லை. மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன் பக்தர்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-ல் சட்டம் போட்டு 1681 வரை வைத்திருந்தார்கள். கலைமான் வண்டியில் மூட்டையோடு வரும் தாத்தாவை ஊரறியச் செய்தது, 1823-ல் நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரப் பத்திரிகை ஒன்றில் வந்த பாட்டு. அவருக்குத் தாடியும் தொந்தியும் போட்டு 1863 முதல் வரைந்து வரைந்து நிலைநிறுத்தியவர் தாமஸ் நாஸ்ட் என்ற கார்ட்டூன்காரர். நம் ஊசிக்கோபுர ஆலயம் கட்டியது 1826. அதாவது அண்ணாச்சி ‘தொன்றுதொட்ட மரபு’ என்று எழுதியிருக்கும் அந்த மூட்டைத் தாத்தாவுக்கும் நம் கோயிலுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. கோயிலாவது பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிறது.

மூட்டை வந்த கொஞ்ச நாளிலேயே முணுமுணுப்பும் வந்துவிட்டது. அடிமை முறையை எதிர்த்து நாவல் எழுதிப் பேர்பெற்ற ஹாரியட் பீச்சர் ஸ்டோ, 1850-ல் எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் கதையில், எல்லாம் வைத்திருப்பவர்களுக்கு என்னத்தைத்தான் வாங்கிக் கொடுப்பது என்று ஒரு பெண் அலுத்துக்கொள்கிறாள். 1912-ல் நியூயார்க்கில் எலினார் பெல்மான்ட், ஆன் மார்கன் என்ற இரண்டு அம்மாமார்கள் சேர்ந்து, பயனில்லாத பரிசுகளைத் தடுக்க ஒரு சங்கமே வைத்தார்கள். கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்கள், மேலதிகாரிக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்குவதற்காகக் கூலியிலிருந்து பணம் போட வேண்டியிருந்த கொடுமையில் பிறந்தது அது. ஜனாதிபதியாக இருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் அந்த வருஷமே அதில் உறுப்பினரானார். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்ட பேச்சு, அண்ணாச்சிக்கு இந்த வருஷத்து மோஸ்தராகத் தெரிகிறது.

‘ஒவ்வொரு பரிசும் ஓர் அன்பு, அன்பை எண்ணிப் பார்க்கலாமா?’ இந்த வரியைச் சபை இதழ்க்காரர்கள் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பதில் என் வீட்டு டாக்டர் செட்.

நானும் குவித்தவள்தான், மறைக்கப் போவதில்லை. 2022-ல் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கென்று ஒரே நாளில் ஒன்பது சாமான் வாங்கினேன். அதில் ஒன்று டாக்டர் செட், தம்பி மகளுக்கு. விலைச்சீட்டைச் சுரண்டும்போது அட்டை கொஞ்சம் கிழிந்துவிட்டது. கிழிசல் தெரியாமல் இருக்க, ஞாயிறு பள்ளியில் வருகைக்கு ஒட்டும் தங்க நட்சத்திரம் ஒன்றை அதன்மேல் ஒட்டினேன். போன வருஷம் குடும்பக் கூடுகையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் வைத்தோம். என் மகன் வயிற்றுப் பேத்திக்கு வந்த டப்பாவைப் பிரித்தால், அதே டாக்டர் செட். அதே மூலை, அதே நட்சத்திரம். தம்பி வீட்டிலிருந்து மதுரைக்கு, மதுரையிலிருந்து நாசரேத்துக்கு, நாசரேத்திலிருந்து என்னிடமே. இரண்டு வருஷத்தில் நான்கு வீடு ஏறி இறங்கியும் உள்ளே இருந்த ஸ்டெதஸ்கோப் வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. கொடுத்தவளுக்கு முகம் போய்விடக் கூடாதே என்று நானும் ‘அடடே, நல்லாயிருக்கே’ என்றேன். ஒவ்வொரு டப்பாவும் ஓர் அன்பு என்றால் அந்த டப்பாவில் நான்கு அன்பு இருந்திருக்க வேண்டும். இருந்தது, எப்படியாவது கையைவிட்டுப் போனால் சரி என்ற நிம்மதி.

இதைப் பொருளாதாரக்காரர் ஒருவர் கணக்காகவே போட்டிருக்கிறார். ஜோயல் வால்ட்ஃபோகல் என்று பெயர், 1993-ல் எழுதினார். பரிசு வாங்கியவர்களிடம், இதற்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். கொடுத்தவர் போட்ட காசில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை காற்றில் போயிருந்தது. நட்டம் அதிகம் எங்கே என்று தெரியுமா? தாத்தா பாட்டி, மாமா அத்தை கொடுத்த சாமான்களில். கேட்டது கல்லூரிப் பிள்ளைகளிடம், அமெரிக்காவில். இருந்தாலும் வங்கிக்காரரிடம் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

இன்னொன்று. கொடுங்கள் கொடுங்கள் என்று எழுதிய கை, ஒரு பரிசுக்காவது தாள் சுற்றியிருக்கிறதா? அண்ணாச்சி வீட்டு மதினியிடம் கேட்டேன். சிரித்தார்கள். 24-ந்தேதி ராத்திரி ஒரு மணி வரை 23 டப்பாவுக்கும் தாள் சுற்றியது மதினியும் மருமகளும். அதே ராத்திரிதான் முறுக்குச் சட்டி இறங்க வேண்டும், இட்லிக்கு மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கீத பவனிக்காரர்கள் வந்தால் காப்பி போட வேண்டும், நாலு மணிக்குக் குளித்துக் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். அண்ணாச்சி தாராளமாகக் கொடுத்த நேரம் அவருடைய நேரம் இல்லை. பெருக்கி அள்ளியதும் அவர்கள்தான். ஜிகினாத் தாளை எரித்தால் நாற்றம், எரிக்காவிட்டால் ஜனவரி வரை கட்டிலடியில் மினுமினுப்பு. விளக்கெரியும் மலிவுப் பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி கழன்று விழுந்து பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பது தாய்மாருக்குத் தெரியும். அந்தக் காவலும் இலவச இணைப்பு.

பொம்மை கூடக்கூட மூளை வளரும் என்பது நான்காம் பக்கத்துக் கண்டுபிடிப்பு. டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2018-ல் அச்சானது. ஒன்றரை வயசுக்கும் இரண்டரை வயசுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள். அறையில் ஒரு தடவை 4 பொம்மை, இன்னொரு தடவை 16. நான்கு இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் விளையாடின, அதையே வெவ்வேறு விதமாக வைத்தும் விளையாடின. 36 பிள்ளை சின்ன எண்ணிக்கைதான். அதை வேதவாக்காக்க மாட்டேன். அண்ணாச்சி கையில் அந்த 36-ம் இல்லை, அவ்வளவுதான்.

‘நாம் வாங்கினால்தானே நம் கைவினைஞர் அடுப்பு எரியும்’ என்று ஓர் உருக்கமான பத்தி இருக்கிறது. கேட்கக் கேட்க எனக்குக் கண்ணீர் வரப் பார்த்தது. அந்த வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 23 டப்பாவில் அம்பாசமுத்திரத்து மரச்செப்பு எத்தனை? இல்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை? இல்லை. மணப்பாட்டுப் பனையோலைச் சாமான்? கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அதுவும் இல்லை. வீடியோவில் கண்ணில் பட்டதெல்லாம் பிளாஸ்டிக். பொம்மை இறக்குமதிக்குத் தீர்வையை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கி, 2023-ல் 70 ஆக்கிப் பார்த்தாயிற்று. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்றும் சொல்லியாயிற்று. பதிவுசெய்த கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு. ஆனாலும் எண்ணிக்கைக்காக வாங்குகிறவர் மலிவைத்தான் தேடுவார். மலிவைத் தேடுகிறவர் கடைசல் பட்டறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய ஒரு நல்ல செப்புப் பெட்டியின் விலைக்கு நாலைந்து பிளாஸ்டிக் கார் கிடைக்கும். கடைசல்காரர் அடுப்பு எரிய வேண்டுமானால் அந்த நாலைந்தை விட்டுவிட்டு இந்த ஒன்றை வாங்க வேண்டும். அதைத்தான் நான் சொன்னேன். அதற்குத்தான் கஞ்சத்தனம் என்று பெயர் கிடைத்தது.

கடைசியாக, அண்ணாச்சி தன் பலமான ஆயுதம் என்று நினைத்து வைத்திருப்பது: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்து நம் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் அது ஏங்கிப்போகும்.

பத்தொன்பது வருஷமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை ஒரே கேள்வியோடுதான் தொடங்குவேன்: யார் யாருக்கு என்னென்ன கிடைத்தது? பிள்ளைகள் கலகலவென்று பேசும் என்பதற்காக. இந்த வருஷமும் கேட்டேன். முன்வரிசையில் ஒரு பையன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். ஆறு வரைக்கும் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ‘இன்னும் இருக்கு டீச்சர், மறந்துபோச்சு’ என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை. பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த இன்னொருவன், முறை வந்ததும், ‘ரிமோட் ஹெலிகாப்டர்’ என்றான். மாடி வரைக்கும் பறக்கும் என்றான். சிவப்பு விளக்கு எரியும் என்றான். அடுத்த வாரம் கொண்டுவா என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போனேன். வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான், கோயில் நேரம் தாண்டினால் எழுந்து விளையாடப் போகிறான், என்ன மாயமோ தெரியவில்லை என்றாள் அவன் அம்மா. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும் அவசரத்தில் இருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஹெலிகாப்டர் பறக்கிற அளவுக்கு அந்த வீட்டில் உயரம் கிடையாது. அந்தப் பொய்யை அவன் வாயில் போட்டது என் கேள்வி. தப்பு என்னுடையது. செப்டம்பர்க் கூட்டத்தில் நான் எழுந்து பேசியதற்குக் காரணம் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான், அமெரிக்கா இல்லை.

பக்கத்து வீட்டைப் பார்த்து ஏங்கும் என்கிறீர்களே, அந்தப் பையனுக்கு நீங்கள்தான் அண்ணாச்சி பக்கத்து வீடு.

‘குறைத்துக் கொடு என்பது வசதியுள்ளவர்கள் பேச்சு’ என்றும் போகிற போக்கில் குத்தியிருக்கிறார். இல்லாதவர்களிடம் போய்க் குறைத்துக்கொள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகட்டும். நான் பேசியது 23 கொடுப்பவர்களிடம். இல்லாதவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதற்கும் அதே வகுப்பில் ஆள் இருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் ஒருவரின் மகன். எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்கிற கை; என் பேனா மூன்றைக் கொன்றிருக்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு அவன் அப்பா கொடுத்தது ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் செட்டும், ஓடாத பழைய டேபிள் ஃபேன் ஒன்றும். ஃபேன் எடைக்குப் போடக் கிடந்தது, காசே இல்லை. ஜனவரி முழுக்க அவன் நகக்கண்ணில் கறுப்பு. காயில் எத்தனை சுற்று, கம்பி எந்த இடத்தில் அறுந்திருந்தது, புஷ் தேய்ந்தால் எப்படிக் கத்தும் என்று நான் பாடம் எடுப்பதற்குள் எனக்குப் பாடம் எடுத்தான். ஃபேன் இன்னும் ஓடவில்லை. ஓட வைத்துவிட்டுச் சொல்கிறேன் டீச்சர் என்று போன வாரம்கூடச் சொன்னான். தன் பிள்ளையின் கை எதற்குத் துறுதுறுக்கிறது என்று அந்த அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாதபோதுதான் நாம் பன்னிரண்டு வாங்குகிறோம், ஏதாவது ஒன்று பட்டுவிடும் என்று.

அண்ணாச்சியின் பேத்தியும் என் வகுப்புதான். கட்டுரை வந்த வாரம், தாத்தா எழுதியதைப் பார்த்தாயா என்று கேட்டேன். முழுதும் இல்லை, தவளை வருகிற இடத்தை மட்டும் அம்மா வாசித்துக் காட்டினாளாம், திரும்பத் திரும்ப இரண்டு நாள். அப்புறம் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ‘அது எப்படி டீச்சர் டக்குன்னு சத்தம் போடும்?’ என்று கேட்டாள்.

உன் வீட்டில்தானே இருக்கிறது, நீ அமுக்கிப் பார்த்ததில்லையா என்றேன்.

இல்லையாம். கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறாளாம். உடைத்துவிடுவாள் என்று தாத்தா அலமாரியைத் திறப்பதில்லையாம். மற்ற பொம்மையெல்லாம் உடைத்தாலும் தாத்தா ஒன்றும் சொல்லமாட்டாராம்.

பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது அண்ணாச்சி. அலமாரிச் சாவி உங்களிடமா, மதினியிடமா?